தூசியைக் கேட்ட செவிகள்

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வான் ஆலனின் கதிர்வீச்சு வளையங்களையே நாம் நினைவுகூர்கிறோம். அதே கலத்தில் விண்தூசிக்கென்றும் இரு கருவிகள் இருந்தன என்பது ஏனோ மறந்துபோயிற்று. ஒன்று, மேலோட்டில் துகள் மோதும் ஓசையைக் கேட்கும் ஒலிவாங்கி. மற்றது, மெல்லிய கம்பிகளால் ஆன வலை. கம்பி அறுந்தால் மின்னோட்டம் நிற்கும், ஏதோ தைத்துவிட்டது என்று புரியும். காற்றில்லா வெளியில் ஓசை ஏது என்று நாம் கேட்கலாம். ஓடு அதிர்கிறது, அது போதும்.

அந்த ஒலிவாங்கி 145 மோதல்களைப் பதிவுசெய்தது. பின்வந்த கலங்களின் ஒலிவாங்கிகளும் தாராளமாகவே எண்ணித் தந்தன. எண்ணிக்கை மிகுதியாக இருக்கவே, பூமியைச் சுற்றி அடர்ந்த தூசி மண்டலம் ஒன்று இருப்பதாகக் கருத்து எழுந்தது. விண்கலங்களை நுண்கற்களிலிருந்து காக்க இரட்டைச் சுவர் வேண்டும் என்று 1940களிலேயே சொன்ன பிரெட் விப்பிளே 1961இல் அத்தூசி மண்டலம் குறித்து எழுதினார். சந்திரனுக்கு மனிதரை அனுப்பத் துணிந்திருந்த காலம் அது. சுவரின் கனத்தை முடிவு செய்யவேண்டியவர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அல்ல.

1966இல் நில்சன் என்ற ஆய்வாளர் சங்கடமான ஒரு செய்தியைச் சொன்னார். வெப்பநிலை மாறும்போது ஒலிவாங்கியின் படிகம் தானாகவே சொடுக்கொலி எழுப்புகிறது. வெயிலுக்கும் நிழலுக்குமாக ஒவ்வொரு சுற்றிலும் மாறிமாறிச் செல்லும் கலத்தில் வேறென்ன நடக்கும்? கருவி நெட்டி முறித்த ஓசையைத் தூசியின் வருகையென்று கணக்கெழுதியிருந்தார்கள். மண்டலம் கலைந்தது. அறிவியல் வரலாற்றில் இத்தகைய பிழைகளே நமக்குக் கண்டுபிடிப்புகளைவிடச் சுவையாகப் படுகின்றன.

இதற்கிடையே 1965இல் பெகாசஸ் என்ற பெயரில் மூன்று செயற்கைக்கோள்கள் சென்றன. ஏறத்தாழ 29 மீட்டர் அகலத்துக்குச் சிறகு விரித்த அவை செவியை நம்பவில்லை. மின்னூட்டம் பெற்ற தகடுகளைத் துகள் துளைத்தால் மின்னூட்டம் கணத்தில் இறங்கும், அதுவே சாட்சி.

1983 ஜூனில் சேலஞ்சர் ஓடத்தின் ஜன்னல் கண்ணாடியில் விழுந்த சிறு குழியை ஆராய்ந்தபோது டைட்டானியம் கிடைத்தது. மோதியது விண்கல் அன்று, நாமே மேலே விட்டுவந்த பெயிண்ட் செதில். இத்தகைய வடுக்களைத் தரைக்குக் கொண்டுவந்து படிக்கும் வழி, 2011இல் ஓடங்கள் ஓய்வுபெற்றதும் பெரும்பாலும் அடைபட்டது. மில்லிமீட்டர் அளவுத் துகள்களோ ரேடாருக்கு எளிதில் அகப்படுவதில்லை. கலத்தின் சுவரைத் துளைக்க அவ்வளவே போதும்.

ஆகவே 2017 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள உணர்கருவி ஒன்றை நாசா அனுப்பியது. அதில் இருந்தவை மெல்லிய படலங்கள், அறுந்தால் காட்டிக்கொடுக்கும் நுண்கோடுகள், மோதலின் ஓசையைக் கேட்கும் உணரிகள். எக்ஸ்ப்ளோரரின் கம்பியும் செவியும் அறுபது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஏறின. இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைக்கவேண்டிய அது 26 நாட்களில் செயலிழந்தது.