டி. சி. நடராஜன் யார்?

1896 ஜூலையில் சென்னையிலிருந்து 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இரண்டு ஆண்டு இதழ்களைப் புரட்டினால், பெரிய எழுத்தாளர் கூட்டமே சேர்ந்து நடத்திய பத்திரிகை என்று தோன்றும். டி. சி. நடராஜன் என்று ஒருவர் தொடர்கதை எழுதுகிறார். எம். ரங்கநாத சாஸ்திரி என்று இன்னொருவர். 'ஒரு துறவி' என்று ஒரு கையெழுத்து. 'யாரென்று எவருக்கும் தெரியாதவர்' என்று பொருள்படும் ஆங்கிலப் புனைபெயர் ஒன்றும் உண்டு. இத்தனை பேரும் யார்? 1896இல் சென்னையில் வேதாந்தத்தை இவ்வளவு சரளமான ஆங்கிலத்தில், கதையும் நகைச்சுவையுமாக எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இந்தக் கேள்வியோடுதான் அந்தத் தொகுதிகளுக்குள் போனேன். எல்லாப் பெயர்களும் போய்ச் சேர்ந்த இடம் இருபத்தாறு வயதில் இறந்துபோன ஓர் இளைஞர்.

இதழைத் தொடங்கியவர்கள் பி. ஐயாசாமி, பி. ஆர். ராஜமையர், ஜி. ஜி. நரசிம்மாசாரியார், பி. வி. காமேஸ்வர ஐயர் ஆகிய நால்வர். பெயர் வைத்துக் கொடுத்தவர் அப்போது வெளிநாட்டில் இருந்த விவேகானந்தர். விவேகானந்தரின் சென்னைச் சீடர் அளசிங்கப் பெருமாள் குழுவினரின் 'பிரம்மவாதின்' 1895லேயே வந்துகொண்டிருந்தது, அது படித்தவர்களுக்கானது. இது மாணவர்களும் எளிய வாசகர்களும் படிக்க வேண்டிய இதழ், அதனால் கதைகள் வேண்டும். ஆசிரியர் பொறுப்பு, நான் சொன்ன அந்த இளைஞரான ராஜமையருக்கு வந்தது. அவருக்கு அப்போது வயது 24.

விவேகானந்தர் 1896இல் இங்கிலாந்திலிருந்து மயிலாப்பூர் மருத்துவர் நஞ்சுண்டராவுக்கு எழுதிய கடிதம் இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். இதழ் திருப்தியாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டு, அட்டைப்படத்தைக் கிழிகிழியென்று கிழித்திருக்கிறார். ஆலமரம், மலை, ஒரு முனிவர், ஓர் ஐரோப்பியத் தம்பதி எல்லாரையும் அந்த ஒரே அட்டையில் அடைத்திருந்தார்கள். இதில் எதுவும் விழிப்பின் அடையாளம் ஆகாது, மனித உருவமே வரைய வேண்டாம், தாமரை போதும் என்கிறார் அவர். சென்னையில் சில இளைஞர்கள் உலகத்தையே எழுப்பிவிடும் ஆசையில் தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் ஒரே அட்டையில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஆசையின் வேகத்தை இந்தக் கண்டிப்பான கடிதத்தில்தான் பார்க்க முடிகிறது.

ராஜமையரைத் தேடுகிறவர்கள் தடுக்கி விழ இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நூலகப் பட்டியல். ராஜமையர், ராஜம் ஐயர், ராஜமய்யர் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக அவர் பதிவாகியிருக்கிறார். இன்னொன்று ஊர். முதலெழுத்தில் உள்ள 'பி' வத்தலகுண்டு. வெள்ளைக்காரர் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் அது 'பி'யில் தொடங்கும். பின்னாளில் 'மணிக்கொடி' எழுத்தாளர் பி. எஸ். ராமையாவின் பெயரிலும் அதே 'பி' வருகிறது. 1884இல் வத்தலகுண்டில் பிறந்த விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவாவின் தகப்பனார் பெயரும் ராஜம் ஐயர்தான். ஆனால் நாம் தேடும் ராஜமையர் பிறந்தது 1872இல். சிவா பிறந்தபோது இவர் பன்னிரண்டு வயதுப் பையன். பிறந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி டி. சி. நடராஜன்.

அவர் பெயரில் வந்த தொடர்கதையின் தலைப்பு 'ட்ரூ கிரேட்னஸ் ஆர் வாசுதேவ சாஸ்திரி'. உண்மையான பெருமை அல்லது வாசுதேவ சாஸ்திரி. இந்தத் தலைப்பைப் பார்த்ததும் தமிழ் நாவல் படித்தவர்களுக்கு இன்னொரு தலைப்பு நினைவுக்கு வராமல் இருக்காது: ராஜமையரின் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. முதலில் ஒரு கருத்து, நடுவில் 'அல்லது', பிறகு ஓர் ஆளின் பெயர். ஆனால் அந்தக் காலத்துக் கதைகளுக்கு இப்படி இரட்டைத் தலைப்பு வைப்பது வழக்கம்தான். இதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் எழுதியது ஒரே கை என்று சொல்லிவிட முடியாது.

கமலாம்பாளுக்குள் போக வேண்டும். சிறுகுளத்து முத்துஸ்வாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள். ஊர் வாய் கட்டிவிட்ட ஒரு பொய்யால் அந்தக் குடும்பம் சிதறுகிறது. அவர்களுடைய ஆண் குழந்தை காணாமல் போகிறான். நாவலின் பின்பாதி முழுவதும் அந்த இழப்பின் பாரம் இருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயர் நடராஜன்.

இதைக் கவனித்த பிறகு அந்தப் புனைபெயரைச் சும்மா தாண்டிப் போக என்னால் முடியவில்லை. தன் கதையில் தொலைத்த பிள்ளையின் பெயரைத் தனக்கே வைத்துக்கொண்டாரா? அல்லது தில்லை நடராஜர் மேலிருந்த பக்தியா? இது என் ஊகம். ஊகமாக இருந்தாலும், அவரை நேசிக்கிறவன் ஒருவனுக்கு இதை விட்டுவிட மனம் வராது.

உறுதியான சான்று வேறு இடத்தில் இருக்கிறது, அது கசப்பானது. 1898 மே 13ஆம் தேதி ராஜமையர் இறந்தார். வாசுதேவ சாஸ்திரியின் கதை பாதியில் நின்றது. கதை மட்டுமா? இதழே நின்றது. 1898 ஜூன் இதழோடு சென்னை 'பிரபுத்த பாரத' முடிந்துவிட்டது. பெரிய எழுத்தாளர் கூட்டம் நடத்திய பத்திரிகையாக இருந்திருந்தால் ஒருவர் போனதும் இப்படி மூட வேண்டியிருக்காது. அவர் ஒரே ஆளாய் எத்தனை பேராக இருந்தார் என்பதை அந்த மூடல்தான் காட்டிக்கொடுக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் அல்மோராவில் இதழ் மறுபடி பிறந்தது. ஆசிரியர் சுவாமி சொரூபானந்தர், நிர்வாகம் கேப்டன் சேவியர். விழித்தெழுந்த பாரதத்தை விளித்து விவேகானந்தர் ஆங்கிலக் கவிதை எழுதியது இந்த மறுபிறப்புக்காகத்தான். 1899இல் மாயாவதிக்குப் போன இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

1905இல் சென்னையில் 'ராம்பிள்ஸ் இன் வேதாந்தா' என்ற பெரிய தொகுப்பு வெளிவந்தது. நடராஜன், ரங்கநாத சாஸ்திரி, துறவி, யாரென்று தெரியாதவர் என எல்லாரும் அதில் ஒரே பெயரின் கீழ் வந்து சேர்ந்தார்கள். நந்தனாரின் கதையும் அதில் இருக்கிறது. பாதியில் நின்ற வாசுதேவ சாஸ்திரியும் இருக்கிறார். வழக்கு அங்கே முடிந்தது எனலாம். ஆனால் அந்தத் தொகுப்பைப் படிக்கும்போது, ஓர் இளைஞர் ஏன் இப்படி ஒளிந்துகொண்டார் என்ற கேள்வி எழாமல் இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஆசிரியரே எழுதுகிறார் என்று வாசகர் சலித்துக்கொள்வாரோ என்ற பத்திரிகைக்காரரின் கவலை ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. நான் என்பது கரைய வேண்டும் என்று மாதாமாதம் எழுதுகிறவருக்குத் தன் பெயரை அச்சில் பார்ப்பதே உறுத்தியிருக்கும்.

வேதாந்தத்தின் மேல் அந்த நாட்டம் 'பிரபுத்த பாரத'வுக்கு முன்பே, கமலாம்பாளை எழுதும்போதே தொடங்கிவிட்டது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். சட்டமும் படித்தார், அதில் தேறவில்லை. சி. வி. சுவாமிநாதையரின் 'விவேகசிந்தாமணி'யில் 1892இல் அ. மாதவையாவின் 'சாவித்திரி சரித்திரம்' தொடங்கிப் பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் கமலாம்பாள் வந்தாள். 1895 வரை தொடர்ந்தாள். மாதவையாவும் 1872இல் பிறந்தவர், அதே கல்லூரி. தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் இப்படி இரண்டு சம வயது இளைஞர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் 1925 வரை எழுதினார். அவருடைய 'பத்மாவதி சரித்திரம்' அச்சேறிய 1898லேயே மற்றவர் போய்விட்டார்.

இருபத்தொன்றில் தொடங்கிய நாவலில் மனிதர்களை இப்படிப் பார்க்க எங்கே கற்றார்? ஊர் வம்பளக்கும் பெண்களின் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் வம்பர் மகாசபை. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்றொரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். யமகமும் திரிபும் இல்லாவிட்டால் அவருக்கு அது கவிதையே இல்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் வெறுக்க முடிவதில்லை, ஏனென்றால் எழுதியவருக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம். இந்தச் சிரிப்புக்காரரேதான் நாவலின் முடிவில், கதை சொல்வது தன் முதல் நோக்கமல்ல, துன்பத்தில் உழன்ற ஓர் ஆன்மா அமைதிக்கு வந்து சேர்வதைச் சொல்லவே எழுதினேன் என்கிற பொருளில் பேசுகிறார். பின்பாதியில் நாவல் தளர்ந்துவிட்டது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. கதைக்கட்டு தளர்கிறது என்பது உண்மை. அதன் காரணம், அவர் கவனம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கம்தான் 'பிரபுத்த பாரத' இருந்தது.

அவரை மறக்க விடாமல் வைத்திருந்தவர்களையும் சொல்ல வேண்டும். 1909இல் ஏ. எஸ். கஸ்தூரிரங்கையர் அவருடைய சரிதையைத் தமிழில் எழுதினார். எழுத்தாளன் ஒருவனுக்கு, அதுவும் இவ்வளவு சிறு வயதில் போனவனுக்கு, தமிழில் வாழ்க்கை வரலாறு எழுதும் பழக்கம் பரவாத காலம் அது. விமர்சகர் க. நா. சு. 'முதல் ஐந்து தமிழ் நாவல்க'ளில் கமலாம்பாளை எடுத்துப் பேசினார். ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1998இல் வந்தது. ராஜமையர் இறந்து சரியாக நூறு ஆண்டு.

கமலாம்பாளைப் படித்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். அதை மூடி வைத்த கையோடு, 'ராம்பிள்ஸ்' தொகுப்பை எடுத்து வாசுதேவ சாஸ்திரியைப் படியுங்கள். தமிழில் சிறுகுளத்தைப் படைத்தவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆங்கிலத்தில் எந்தத் திசைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது அங்கே தெரியும். பாதிக் கதைதான். ஆனாலும் அவர் அடுத்து எழுதவிருந்த நாவல் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்.