அலிபிரிச் சாலையும் காற்றின் கசிவும்: ஒரு சோதனையின் வரலாறு

திருமலைக்கு நடந்து ஏறும் படிகள் அலிபிரியில் தொடங்குகின்றன. மலையடிவாரத்துப் புளியமரத்தைக் குறித்த ‘அடிப்புளி’ என்னும் தமிழ்ச் சொல்லே அலிபிரி எனத் திரிந்தது என்பது வைணவ மரபில் வழங்கும் ஒரு விளக்கம். அந்த அடிவாரத்திலிருந்து திருப்பதி நகருக்குள் இறங்கும் அலிபிரிச் சாலை, யாத்திரிகர்களின் சாலை மட்டுமன்று, நோயாளிகளின் சாலையும்கூட. ருயா அரசு மருத்துவமனை, தேவஸ்தானத்தின் ‘பர்டு’ எலும்பு மருத்துவமனை, 1986இல் தோற்றுவிக்கப்பட்ட ஸ்விம்ஸ் எனப்படும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆகியவை இச்சாலையை ஒட்டியே அமைந்துள்ளன. டாடா அறக்கட்டளையின் முயற்சியில் உருவான புற்றுநோய் மருத்துவமனை 2022இல் அலிபிரிக்கு அருகே திறக்கப்பட்டது.

இத்தகைய பெரிய மருத்துவமனை எதனுள் நுழைந்தாலும் தலைக்கு மேல் ஒரு பொய்க்கூரை தென்படும். அதற்கும் காங்கிரீட் கூரைக்கும் இடையில் துத்தநாகம் பூசிய தகட்டால் செய்த பெரிய காற்றுக்குழாய்கள் ஓடும். பட்டறைகளில் அவற்றுக்கு ‘டக்ட்’ என்று பெயர். அறுவை அரங்குக்கு வடிகட்டிய காற்றைக் கொண்டு சேர்ப்பதும், காசநோய் வார்டின் காற்றை வெளியேற்றுவதும் அவற்றின் வேலை. மின்விசிறி ஒரு முனையில் தள்ளும் காற்றில் எவ்வளவு மறுமுனையைச் சேர்கிறது என்பது எளிய கேள்வியாகத் தோன்றும். அக்கேள்விக்கு அளந்து விடை சொல்லும் வழக்கமோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் உறுதிப்பட்டது.

இத்தாமதத்துக்கு முதற்காரணம் காற்றின் இயல்பு. நீர்க்குழாய் கசிந்தால் சுவர் ஈரமாகும். வீட்டுக்காரர் அன்றே கொத்தனாரை அழைப்பார். காற்று கசிந்தால் கறையும் இல்லை, சாட்சியும் இல்லை. கசிதல், ஒழுகுதல், ஊறுதல் எனத் தமிழில் கசிவைக் குறிக்கும் வினைகள் பெரும்பாலும் நீரைக் கண்டு பிறந்தவை; காற்றுக்கு அவற்றை இரவலாகவே வழங்குகிறோம். மிதிவண்டிக் கடைக்காரர் பஞ்சரான டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைத் தேடுவதும் காற்றின் கசிவை நீரின் மொழியில் பேசவைக்கும் உத்தியே. ஐம்பது அடி நீளமுள்ள தகட்டுக்குழாயை அமிழ்த்தத் தொட்டி கிடையாது. ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத இழப்பை எண்ணாக மாற்றும் ஒரு முறை தேவைப்பட்டது.

அத்தேவை எழாத காலமும் இருந்தது. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லரின் தலைமையில் 1915இல் காசநோய் சானடோரியம் தொடங்கப்பெற்றது. காசநோய்க்குக் குணமளிக்கும் மருந்து கண்டறியப்படாத காலம் அது. உயரமான வறண்ட நிலம், தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே சிகிச்சையாகக் கருதப்பட்டன. டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் இக்கருத்தின் வழிவந்ததே. இன்றும் அங்குள்ள ரயில் நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. திறந்த வெளியே சிகிச்சையாக இருந்த இடத்தில் காற்றை அடைத்துக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. அடைக்காத காற்றுக்குக் கசிவு என்பதும் இல்லை.

அடைத்த காற்றின் மீது அறிவியல் தன் முழுக் கவனத்தைத் திருப்பியது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். இருமலில் தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து, நெடுநேரம் காற்றில் மிதக்கும் மிகச்சிறு துகள்களாகின்றன என்று வில்லியம் ஃபர்த் வெல்ஸ் 1930களில் வாதிட்டார். காசநோய் அவ்வாறே பரவுகிறது என்பதை நிறுவ, 1950களின் பிற்பாதியில் அவரும் ரிச்சர்ட் ரைலியும் ஒரு வியப்பான அமைப்பை உருவாக்கினர். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய் வார்டின் காற்று, குழாய் வழியாக மேல்தளத்திலிருந்த கினிப்பன்றிக் கூடத்துக்குச் செலுத்தப்பட்டது. விலங்குகளுக்கும் நோயாளிகளுக்கும் அந்தக் காற்றைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. மாதத்துக்குச் சராசரியாக மூன்று கினிப்பன்றிகள் வரை தொற்றுக்கு உள்ளாயின. அதே வார்டின் காற்று, புறஊதா ஒளி பாய்ச்சப்பட்ட மற்றொரு குழாயின் வழியே வேறொரு கூடத்துக்குச் சென்றபோது அங்கிருந்த விலங்குகள் தப்பின.

இச்சோதனையின் வாதம் முழுவதும் குழாயின் மீதே நிற்கிறது. குழாய் வழியில் ஓட்டையாக இருந்தால் வார்டின் காற்று நீர்த்துப் போகலாம், அல்லது வேறோர் இடத்தின் காற்று உட்கலக்கலாம். இரண்டு நிலையிலும் முடிவு பொருளிழந்துவிடும். ரைலி குழுவினரின் முதற்கட்ட முடிவுகள் 1959இல் வெளிவந்தன. அதே ஆண்டில்தான் சென்னையின் காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்துண்ணும் நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கிய நோயாளிகளுக்கு நிகராகக் குணமடைகின்றனர் என்று உலகுக்கு அறிவித்தது. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. காற்றோட்டமான தாழ்வாரங்களிலிருந்து நோயாளிகள் வீடுகளுக்கும் பொது மருத்துவமனைகளுக்கும் நகர்ந்தனர். அந்த மருத்துவமனைகளோ மெல்லமெல்ல குளிரூட்டப்பட்ட, சன்னல் மூடிய கட்டடங்களாகிக்கொண்டிருந்தன.

மூடிய கட்டடத்தில் கசிவுக்குத் திசை உண்டு. மின்விசிறிக்கு முன்னால் உள்ள உறிஞ்சுகுழாயில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் சுற்றுப்புறக் காற்று உள்ளே நுழையும். மின்விசிறிக்குப் பின்னால் அழுத்தம் மிகுதி. அங்கே ஓட்டை இருந்தால் குழாயின் காற்று வெளியே பீறிடும். தொற்றுநோய் வார்டின் வெளியேற்று விசிறியைக் கட்டடத்தின் நடுவில் வைத்தால், அதன் பிறகு கூரைவரை செல்லும் குழாயின் ஒவ்வோர் இணைப்பும் நோய்க்கிருமி கசியக்கூடிய வாயாகிவிடும். விசிறியை மொட்டை மாடியில், குழாயின் கடைசியில் வைத்தால் கட்டடத்துக்குள் உள்ள பகுதி முழுவதும் குறைவழுத்தத்தில் இருக்கும். கசிந்தாலும் உள்நோக்கியே கசியும். இந்த ஒரு முடிவு பல முத்திரைகளுக்குச் சமம். ஆனால் உள்நோக்கிய கசிவும் இலவசமன்று: விசிறி தாழ்வாரத்துப் பொய்க்கூரையின் காற்றை இழுத்துக்கொண்டிருக்க, நோயாளியின் அறையிலிருந்து வெளியேறும் காற்று குறைந்துவிடும்.

மருத்துவமனைகள் இவ்வாறு அபாயத்தை அறிந்துகொண்டிருந்த காலத்தில், அளவீட்டை ஒழுங்குபடுத்தியது மருத்துவமன்று, கட்டட ஒப்பந்தம். சுவீடனில் கட்டுமான ஒப்பந்தங்களுக்கான பொது விவரக்குறிப்புத் தொகுப்பு 1950 முதல் வழக்கில் உள்ளது. அதன் 1966ஆம் ஆண்டுப் பதிப்பு காற்றுக்குழாய்களின் இறுக்கத்துக்கு ஏ, பி என இரண்டு தரங்களை வகுத்தது. 1983இல் அவற்றினும் கடுமையான சி வகுப்பு சேர்ந்தது. அங்கு நடைமுறை எளிமையானது, இரக்கமற்றதும்கூட. குழாய் அமைப்பில் ஒரு பகுதியைத் தேர்ந்து சோதிப்பார்கள். தேறாவிட்டால் இன்னொரு பகுதி. அதுவும் தேறாவிட்டால் மொத்தமும் சோதனைக்கு வரும், அதன் செலவு ஒப்பந்ததாரர் தலையில் விழும். ஒவ்வொரு இணைப்பையும் கையால் பூசி அடைப்பதைவிட, ரப்பர் வளையத்துடன் ஆலையிலிருந்தே வரும் வட்டக்குழாய் மலிவு என்பதை ஒப்பந்ததாரர்கள் கண்டுகொண்டனர். சோதனை பொருளையே மாற்றிவிட்டது. 1990களின் இறுதியில் நடந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு, அத்தகைய கட்டாயம் வேரூன்றாத பெல்ஜியத்திலும் பிரான்சிலும் குழாய்கள் ஏ வகுப்பின் எல்லையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கசிவதைக் கண்டது.

பிரிட்டனில் காற்றோட்ட ஒப்பந்ததாரர் சங்கம் 1982இல் வெளியிட்ட டி.டபிள்யூ. 142 என்ற விவரக்குறிப்பும், அமெரிக்கத் தகட்டுவேலை ஒப்பந்ததாரர் சங்கமான ஸ்மாக்னா 1985இல் வெளியிட்ட கசிவுச் சோதனைக் கையேடும் இதே தடத்தில் சென்றன. இவை அனைத்துக்கும் அடிப்படை ஒரே விதி: கசிவு, அழுத்தத்தின் 0.65 அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. கூர்மையான துளையில் அடுக்கு 0.5, நீண்ட நுண்பிளவில் ஏறத்தாழ 1, உண்மையான குழாயில் இரண்டும் கலந்திருப்பதால் இடைப்பட்ட எண். அழுத்தம் இரட்டிப்பானால் கசிவு ஏறத்தாழ 1.57 மடங்காகும். ஐரோப்பிய வகுப்புகள் ஏ, பி, சி, டி என இறங்கும்போது அனுமதிக்கப்படும் கசிவு ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒன்றாகக் குறையும். 400 பாஸ்கல் அழுத்தத்தில், 100 சதுர மீட்டர் பரப்புள்ள குழாய்க்கு ஏ வகுப்பு நொடிக்குச் சுமார் 133 லிட்டர் கசிவை ஏற்கும். சி வகுப்பு சுமார் 15 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளும்.

இங்கே வரலாற்றின் திருப்பம் தெளிவாகிறது. ‘கசியாத குழாய்’ என்ற பேச்சு மறைந்து, ‘இவ்வளவே கசியும் குழாய்’ என்ற பேச்சு பிறந்தது. கசியவே கசியாது என்பது வாக்குறுதி. அதை யாரும் சரிபார்ப்பதில்லை. இவ்வளவுதான் கசியும் என்பது அளவு. அதைச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

சோதனை முறையில் மாயம் எதுவும் இல்லை. குழாயின் ஒரு பகுதியைப் பிரித்து, எல்லா வாய்களையும் தகட்டாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடிவிடுவார்கள். வேகம் மாற்றக்கூடிய சிறு விசிறியும் காற்றோட்டமானியும் கொண்ட கருவியை ஒரு வாயில் பொருத்தி, குறித்த அழுத்தம் வரும்வரை காற்றைச் செலுத்துவார்கள். அழுத்தம் நிலைத்தபின், அதனைக் காக்க எவ்வளவு காற்றை இடையறாது ஊட்ட வேண்டியுள்ளதோ அதுவே கசிவு. ஊட்டுவதும் ஒழுகுவதும் சமம் என்ற ஒரே கணக்கு. அளவு மிகுந்தால் தேடல் தொடங்கும்: காதால் சீறல் கேட்பது, சோப்பு நுரை பூசிக் குமிழி பார்ப்பது, புகை செலுத்துவது. குற்றவாளிகள் பெரும்பாலும் பழகிய முகங்களே: ஃபிளாஞ்சின் நான்கு மூலைகள், தகட்டின் நீள மடிப்பு, டேம்பர் தண்டு நுழையும் துளை, பின்னர் யாரோ துளையிட்டு மறந்த திருகு.

இந்தியாவில் உலோகக் காற்றுக்குழாய்களுக்கான தரநிலை, ஐ.எஸ். 655, 1963லேயே வெளியாயிற்று. ஆகவே விதிநூல் பிந்தவில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. குழாய் அமைப்பவர் ஒருவர். கட்டடம் முடிப்பவர் மற்றொருவர். மின்கட்டணம் செலுத்துபவர் மூன்றாமவர். அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் நான்காமவர். கசிவின் விலை முதல் இருவரைத் தொடுவதில்லை. மேலும், இச்சோதனைக்கு உரிய காலம் மிகக் குறுகியது. குழாய் தொங்கவிடப்பட்டு, வெப்பக்காப்பு சுற்றப்படுவதற்கும் பொய்க்கூரை மூடப்படுவதற்கும் முன்புள்ள சில நாள்களே அது. திறப்பு விழா நாள் நெருங்கும்போது எளிதில் வெட்டப்படும் நாள்களும் அவையே.

இழப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அறுவை அரங்கின் காற்று மணிக்கு 20 முறை மாறவேண்டும் என வடிவமைத்து, வழியில் 15 விழுக்காடு கசிந்தால் நோயாளிக்குக் கிடைப்பது 17 முறை. குறையை ஈடுகட்ட விசிறியை முடுக்கினால், காற்றோட்டத்தை 10 விழுக்காடு கூட்டுவதற்கே மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். விசிறியின் மின்தேவை ஓட்டத்தின் மும்மடி விகிதத்தில் உயர்வதே காரணம். திருப்பதியின் கோடையில், குளிரூட்டிய காற்று கூரையிடுக்கில் வீணாவது பணத்தோடு முடிவதில்லை. குளிர்ந்த பரப்புகளில் ஈரம் படியும். ஈரம் படிந்த இடத்தில் பூஞ்சை வளரும். வேதிச்சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்து படுத்திருப்பவருக்குப் பூஞ்சை வித்து சிறு தொல்லையன்று, உயிராபத்து.

இச்சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் உண்மை. வடிகட்டி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, அறைகளுக்கு இடையே அழுத்த வேறுபாடு நிலைக்கிறதா என்பவற்றுக்குத் தனிச் சோதனைகள் உண்டு. ஆனால் அவை அனைத்தும் கட்டடம் முடிந்த பின்னரும் செய்யக்கூடியவை. குழாயின் கசிவு மட்டுமே கூரை மூடியதும் கைக்கு எட்டாததாகிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தில் ‘காலதர்’ என்றொரு சொல் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. அன்று அது மாளிகையின் சாளரத்தைச் சுட்டியது. சாளரத்தைத் திறந்தால் காற்று வருகிறதா என்பதை உள்ளே இருப்பவரே உடலால் அறிந்தார். இன்றைய காலதர் பொய்க்கூரைக்கு மேலே மறைந்து ஓடுகிறது. படுக்கையில் கிடப்பவர் அதனை அறிய வழியில்லை. அவருக்காக ஒருவர், கூரை மூடுமுன் அளந்து, அழுத்தம் இவ்வளவு, கசிவு இவ்வளவு என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். புதிய மருத்துவமனை ஒன்று திறக்கப்படும்போது படுக்கைகளின் எண்ணிக்கையையும் கருவிகளின் விலையையும் கேட்பது நம் வழக்கம். அந்த ஒற்றைத் தாள் எங்கே என்றும் கேட்கலாம்.