மூன்று குழல் துப்பாக்கியும் மறைந்துபோன தோட்டாவும்

பழம்பொருள்களைச் சேர்ப்பவர் ஒருவருக்கு விந்தையான துப்பாக்கி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்புறமிருந்து நோக்கினால் மூன்று துளைகள் தெரிகின்றன. மேலே பக்கம் பக்கமாக இரண்டு பெரிய துளைகள். அவற்றின் கீழே நடுவில் சிறிய துளை ஒன்று. விசைகளோ இரண்டே. கட்டை வெடித்திருக்கிறது. குழல்களில் செந்துரு படர்ந்திருக்கிறது. இதைச் செப்பனிட வேண்டும் என்று ஆசைப்படும் எவர் மனத்திலும் முதலில் எழும் வினா, "இதற்கு எந்தத் தோட்டா பொருந்தும்?" என்பதுதான்.

இயல்பான வினாதான். ஆனால் ஆபத்தான வினாவும் அதுவே. பழைய துப்பாக்கிகளைப் பொறுத்தவரை பொருந்தும் தோட்டா வேறு, உரிய தோட்டா வேறு. உரிய தோட்டாவைக் கண்டறிவதற்கு வரலாறும் வேதியியலும் கொஞ்சம் கணக்கும் தேவைப்படுகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

ஏன் மூன்று குழல்கள்?

இவ்வகைக் கூட்டுத் துப்பாக்கிக்கு ஜெர்மன் மொழியில் 'டிரில்லிங்' என்று பெயர். மூன்று என்னும் பொருள்தரும் 'டிரை' என்ற சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. நான்கு குழல்கள் இருந்தால் 'ஃபியர்லிங்'. மத்திய ஐரோப்பாவின் காடுகளில் வேட்டைக்குச் செல்பவன் ஒரே நடையில் முயல், காட்டுக்கோழி, நரி, மான், காட்டுப்பன்றி ஆகிய எதையும் எதிர்ப்பட நேரிடும். பறவைக்கும் முயலுக்கும் சிறு ஈய ரவைகளைச் சிதறி வீசும் வழுவழுப்பான குழல் வேண்டும். மானுக்கும் பன்றிக்கும் ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்தும் ரைபிள் குழல் வேண்டும். இரண்டு துப்பாக்கிகளைச் சுமப்பதற்கு மாற்றாக, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் டிரில்லிங் பரவலாயிற்று.

மூன்று குழல்களுக்கு இரண்டு விசைகள் எப்படிப் போதும்? பல டிரில்லிங்குகளில் கட்டையின் கழுத்துப் பகுதியில் சிறு நகர்த்தி ஒன்று உண்டு. அதை முன்னே தள்ளினால் முன் விசை ரவைக் குழலை விட்டு ரைபிள் குழலோடு இணைந்துகொள்ளும். அதே நேரத்தில், குறிபார்க்கும் தகடு ஒன்று குழலின் மேல் எழுந்து நிற்கும். கைக்கடிகாரத்தின் உட்புறம்போல் நுட்பமான வேலைப்பாடு இது.

இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர், ஜெர்மனியின் துரிஞ்சியா மலைப்பகுதியிலுள்ள சூல். 16ஆம் நூற்றாண்டிலிருந்தே துப்பாக்கி செய்துவரும் ஊர். குழல் செய்பவர், பூட்டு செய்பவர், கட்டை இழைப்பவர், சித்திரம் செதுக்குபவர் எனத் தனித்தனிக் குடும்பங்கள் அங்கே தொழில் செய்தன. அதனால்தான் ஒரு டிரில்லிங்கைப் போலவே இன்னொன்று இருப்பது அரிது. தோட்டாவிலும் இதே நிலைதான். 9.3 மி.மீ. குண்டுக்கு மட்டும் 57, 72, 80, 82 மி.மீ. எனப் பல நீளங்களில் பித்தளைக் கூடுகள் செய்யப்பட்டன.

எண்கள் பேசும் மொழி

துப்பாக்கியை மடித்துக் குழல்களைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்புறத்தில் சிறிய முத்திரைகள் தெரியும். ஒரு வட்டத்துக்குள் 16 என்ற எண். வேறிடத்தில் 108,49 என்ற எண். மணிமுடி சூடிய எழுத்துகள் சில. இவையே நம் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ்.

16 என்பது மில்லிமீட்டரும் அன்று, அங்குலமும் அன்று. ஒரு ராத்தல் ஈயத்தை 16 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 16 போர் குழல். 12 உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் பெரிதாகும்; எனவே 12 போர் குழல் 16 போரைவிட அகலமானது. எண் குறையக் குறையக் குழல் பெரிதாவதன் காரணம் இதுவே.

ரைபிள் குழலின் 108,49 என்ற எண்ணும் இதே கணக்குத்தான். இங்குள்ள காற்புள்ளி, ஐரோப்பிய முறையில் தசமப் புள்ளி. மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ராத்தல் 453.6 கிராம். இதை 108.49 ஆல் வகுத்தால் 4.18 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. எனவே உருண்டையின் பருமன் 0.369 கன செ.மீ. அத்தகைய உருண்டையின் விட்டம் 8.9 மி.மீ. ஆகும். ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகுபோல் பள்ளங்களும் மேடுகளும் உண்டு. சோதிப்பவர் செருகிய அளவுக்கம்பி மேடுகளின் இடைவெளியை அளந்தது. குண்டோ பள்ளங்களை நிரப்ப வேண்டியது. ஆகவே 8.9 என்ற அளவு, 9.3 மி.மீ. குண்டைச் சுட்டுவதாக இருக்கலாம். ஆனால் கூட்டின் நீளம் 57-ஆ, 72-ஆ, 82-ஆ என்பதை இந்த எண் சொல்லாது.

மணிமுடி எழுத்துகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. 1891-ல் ஜெர்மானியப் பேரரசு, விற்பனைக்கு வரும் துப்பாக்கிகளை அரசுச் சோதனைச் சாலையில் மிகை மருந்திட்டு வெடித்துப் பார்க்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 1893-ல் அது நடைமுறைக்கு வந்தது. 'எஸ்' என்றால் ரவைக் குழல், 'ஜி' என்றால் வரி வெட்டிய குழல், 'யு' என்றால் சோதனைக்குப் பின் பார்வையிடப்பட்டது என்று பொருள். 1912-ஐ ஒட்டி, ரைபிள் குழல்களில் ராத்தல் கணக்கு மறைந்து மில்லிமீட்டர் அளவு இடம்பெறலாயிற்று. எனவே 108,49 என்ற எண்ணைத் தாங்கிய நம் துப்பாக்கி, 1893-க்கும் 1912-க்கும் இடைப்பட்டது என்று மதிப்பிடலாம்.

இரண்டு மருந்துகளின் காலம்

அந்த இருபது ஆண்டுகள் வெடிமருந்து வரலாற்றில் ஒரு சந்திக் காலம். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஆண்டது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கரிமருந்து. அது எரிந்தபின் ஏறக்குறையப் பாதி எடை திடக் கழிவாகவே எஞ்சும், புகையும் மிகுதி. 1884-ல் பிரெஞ்சு வேதியியலர் பால் வியேய் நைட்ரோ செல்லுலோஸிலிருந்து புகையிலா மருந்தை உருவாக்கினார். அது முழுமையாக வாயுவாக மாறுவதால் குறைந்த எடையிலேயே மிகுந்த ஆற்றலைத் தந்தது. குழலின் உள்ளே எழும் அழுத்தமும் கூடியது.

கரிமருந்துக்காகச் செய்த குழலில் வலிமை மிக்க புகையிலாத் தோட்டாவை இட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கி, தண்டின்மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய 'டமாஸ்கஸ்' குழல்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஓர் ஒட்டில் சிறு கசடு சிக்கியிருந்தாலும் போதும். (நம் நாட்டு உருக்கிலிருந்து வாள் செய்த பழைய டமாஸ்கஸ் எஃகு வேறு, இது வேறு. பெயரும் அலைக்கோலமும் மட்டுமே ஒத்தவை.)

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. பழைய ஜெர்மன் 16 போர் குழலின் தோட்டா அறை 65 மி.மீ. நீளம் கொண்டது. இக்காலத்தில் பெரிதும் விற்கப்படுவது 70 மி.மீ. தோட்டா. ஆனால் 70 என்பது வெடித்து வாய் விரிந்தபின் உள்ள நீளம். வெடிக்குமுன் வாய் மடிந்திருப்பதால் அது 65 மி.மீ. அறையில் எளிதாக நுழைந்துவிடும். துப்பாக்கியும் தடையின்றி மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது விரியும் வாய், அறைக்கு முன்னுள்ள குறுகலில் சிக்கி வழியை இறுக்கும், அழுத்தம் ஏறும்.

மற்றொன்று 8 மி.மீ. தோட்டாவின் கதை. 1905-ல் ஜெர்மன் இராணுவம் தன் 8 மி.மீ. குண்டின் விட்டத்தைச் சுமார் 8.1-லிருந்து 8.2 மி.மீ. ஆக உயர்த்தியது. கூடு மாறவில்லை. பல டிரில்லிங்குகள் பழைய அளவுக் குழலைக் கொண்டவை. பெயரில் 'எஸ்' என்ற ஓர் எழுத்து மட்டுமே கூடுதலாக உள்ள புதிய தோட்டா, பழைய அறையிலும் நுழையக்கூடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வேறுபாடு. ஆயினும் அந்தத் தடித்த குண்டு இறுகிய குழலில் பிதுங்கிச் செல்ல வேண்டியிருக்கும். 'பொருந்துகிறது' என்ற சொல்லை ஏன் நம்பக்கூடாது என்பது இப்போது விளங்கும்.

வார்ப்பு சொல்லும் சாட்சி

முத்திரை பாதி வழி காட்டும். மீதி வழிக்குத் தோட்டா அறையையே அச்செடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உட்குழிவை மெழுகால் அச்செடுத்தால் மெழுகு சுருங்கிவிடும். எனவே 'செரோசேஃப்' என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் சேர்ந்த இக்கலவை 70 முதல் 88° செ. வெப்பத்திலேயே உருகிவிடும், கொதிநீரின் சூடே மிகை. நீரைப்போலவே பிஸ்மத்தும் உறையும்போது விரியும் தன்மையுடையது. அதனால் இக்கலவை முதல் அரைமணி நேரம் சற்றே சுருங்கி, அறையிலிருந்து எளிதில் கழன்று வரும். பிறகு மெல்ல விரியத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மை அளவை அடையும். அந்த நேரத்தில் அளந்தால் நீளம், அடிவிட்டம், வாய்விட்டம் அனைத்தும் துல்லியமாகக் கிடைக்கும். இந்த வார்ப்பைப் பழைய தோட்டா அட்டவணைகளோடு ஒப்பிட்டு, "இது 9.3 × 72 ஆர்" என்று தீர்மானிக்கலாம். 'ஆர்' என்பது அடியில் விளிம்புள்ள கூட்டைக் குறிக்கும். இதனோடு பெயரொற்றுமை உடைய 9.3 × 74 ஆர் மிகுந்த அழுத்தத்துக்கெனப் பிறந்த வேறு தோட்டா.

தொடாமல் விடுவதும் திருத்தமே

குழல் துருவேறியிருக்கிறது என்று கண்டதும் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்குபவர், நாம் மேலே படித்த சான்றிதழையே அழித்துவிடுவார். முத்திரை தேய்ந்தால் துப்பாக்கி ஊமையாகும்.

குழலுக்கு மீண்டும் கருநீல நிறம் ஏற்றுவதிலும் பாடம் உண்டு. தொழிற்சாலைகளில் எரிகாரமும் நைட்ரேட்டும் கலந்த கரைசலை ஏறத்தாழ 140° செ. வரை சூடாக்கி அதில் குழலை மூழ்கவைக்கும் விரைவுமுறை உண்டு. டிரில்லிங்குக்கு அது ஆகாது. மூன்று குழல்களையும் இணைக்கும் பட்டைகள் ஈயப் பற்றாசால் ஒட்டப்பட்டவை; ஈயத்தையும் வெள்ளீயத்தையும் எரிகாரம் அரித்துவிடும். பட்டைகள் கழன்று, குழல்கள் தம் நேர்க்கோட்டை இழக்கும். எனவே பழைய கைவினைஞர்களின் மெதுவான முறையே ஏற்றது. குழலில் மெல்லிய துருவை வேண்டுமென்றே வரவழைத்து, நீரில் கொதிக்கவைத்தால், செந்துரு கருநிறக் காந்த ஆக்சைடாக மாறும். மேலே நிற்கும் தூளை மென்மையாகத் துடைத்துவிட்டு, இதையே பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். துருவைக் கொண்டே துருவைத் தடுக்கும் அழகான வேதியியல் இது.

தோட்டா எங்கே போயிற்று?

ஒரு தோட்டா ஏன் மறைகிறது? சூலின் கதையே விடை தரும். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் அவ்வூரைக் கைப்பற்றின. ஜூலையில் அது சோவியத் ஆட்சிப் பகுதியாயிற்று. 1946 ஜனவரியில் நேசநாடுகளின் கட்டுப்பாட்டு மன்றம், ஜெர்மானியர் ஆயுதங்களையும் தோட்டாக்களையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. எண்ணற்ற வேட்டைத் துப்பாக்கிகள் அழிந்தன. பல, படைவீரர்களின் நினைவுப் பொருள்களாகக் கடல் கடந்தன. துப்பாக்கி சென்ற வீட்டுக்கு அதன் மொழியும் தோட்டாவும் உடன்செல்லவில்லை. வாங்குவோர் குறைந்ததும் ஆலைகள் பல அளவுகளைக் கைவிட்டன.

இன்று உரிய தோட்டாவைப் பெற மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இன்னும் செய்யும் ஆலையைத் தேடுவது. செக் நாட்டின் 'செல்லியர் அண்டு பெல்லோ' நிறுவனம் 9.3 × 72 ஆர் தோட்டாவை அண்மைக் காலத்திலும் செய்து விற்றிருக்கிறது. இரண்டாவது, உரிமம் பெற்ற கைவினைஞர் ஒருவர் வேறொரு கூட்டை அச்சில் அழுத்தி உருமாற்றித் தருவது.

மூன்றாவது வழி, பழைய தோட்டாப் பெட்டிகளைத் தேடுவது. இது கண்ணுக்கு இனிமை, கைக்கு ஆபத்து. பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் குழலில் உப்பாகப் படிந்து ஈரத்தை ஈர்க்கும். நம் ரைபிள் குழலிலுள்ள குழிகள் பெரும்பாலும் அதன் வேலைதான். பித்தளைக் கூடும் முதுமையடையும். இது தெரியவந்தது நம் நாட்டில்தான். ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமே வெடிப்புற்றிருப்பது கண்டறியப்பட்டது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை உருவாக்கும்போது பித்தளைக்குள் எஞ்சிய இழுவிசையும் சேர்ந்து விளைத்த கேடு இது என்று 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் விளக்கினர். பழைய தோட்டாவின் இடம் அருங்காட்சிப் பெட்டி. துப்பாக்கியின் அறை அன்று.

தோட்டா கிடைத்த பின்னும் ஒரு படி மிஞ்சியிருக்கிறது. நூறாண்டு கடந்த குழல், தான் அன்று தாங்கியதை இன்றும் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. அதைச் சொல்ல வேண்டியது சோதனைச் சாலை. அங்கே தேறாத துப்பாக்கி சுவரில் தொங்கட்டும். அதனால் அதன் மதிப்பு குறையாது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பங்கிட்ட கணக்கையும், ஓர் ஊரின் கைத்திறனையும், ஒரு போரின் விளைவையும் தன் அடிப்புறத்தில் எழுதி வைத்திருக்கும் ஏடு அது. ஏட்டைப் படிப்பதற்கு அதை வெடிக்கச் செய்யத் தேவையில்லை.