புகைக்குழாய் தந்த திறன்

புகையை வெளியேற்றும் வெறும் குழாயால் மோட்டார் சைக்கிளின் திறனைக் கூட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடென். 1950களில் எம்.இசட். தொழிற்சாலையின் பந்தய வண்டிகளை உருவாக்கியவர் இவர்.

இரு வீச்சு எஞ்சினில், புகைத்துளை மூடுவதற்குள் புதிய எரிபொருள் கலவையும் நுழைந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறும். இதைத் தடுப்பது எப்படி? குழாயை முதலில் விரியும் கூம்பாகவும் பின்னர் குறுகும் கூம்பாகவும் அமைத்தனர். புகையுடன் கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பிலிருந்து உறிஞ்சும் அலையாகத் திரும்பிப் புகையை இழுக்கும். குறுகும் கூம்பிலிருந்து அழுத்த அலையாகவே திரும்பி, தப்பியோடும் கலவையை உள்ளே தள்ளும்.

எஞ்சின் நிமிடத்திற்கு 10,000 முறை சுழன்றால், ஒரு சுழற்சிக்குக் கிடைப்பது 6 மில்லி விநாடிதான். தகட்டைச் சுருட்டிப் பற்றவைப்பவர் குழாயின் நீளத்தில் தவறினால் அலை காலம் தவறி வரும். அந்த வேகத்தில் திறன் குன்றும்.

1961இல் காடெனின் 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. அவ்வாண்டே அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறி, ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். நுட்பமும் உடன் சென்றது. 1962இல் சுசுகியின் 50 சி.சி. வண்டியில் டெக்னர் உலகப் பட்டம் வென்றார். காடெனின் வண்டிகளுக்கோ அப்பட்டம் கடைசிவரை கிட்டவில்லை.

இரு வீச்சுப் பந்தய வண்டியின் குழாய் நடுவில் பருத்திருப்பதைக் கண்டால், அது அழகுக்கு அன்று என்பதை இனி நீங்கள் அறிவீர்கள்.