பென்டன் கிராமத்துப் பின்போல்காரர்கள்

கொழும்பு 3இல் பகதல வீதி என்றொரு தெரு இருக்கின்றது. பத்திரிகைப் பணிக் காலத்தில் அத்தெருவால் எத்தனையோ தடவைகள் போய்வந்திருக்கின்றேன். அதன் பெயர் சிங்களமும் அன்று, தமிழும் அன்று. பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தரான சார்ள்ஸ் எட்வேர்ட் லேயார்ட் 1822இல் அப்பகுதியில் கட்டிய மாளிகைக்குச் சூட்டிய பெயர் 'பகட்டெல்'. மாளிகை பின்னர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் உடைமையாகி, 1870இல் இளவரசர் அல்பிரட்டுக்கு அங்கு விருந்தளிக்கப்பட்டதை அடுத்து 'அல்பிரட் ஹவுஸ்' ஆயிற்று. பழைய பெயர் தெருவில் மட்டும் திரிந்த வடிவில் தங்கிவிட்டது.

அந்தப் பெயர் பாரிஸிலிருந்து வந்தது. பதினாறாம் லூயி மன்னனின் தம்பியான ஆர்ட்டுவா கோமகன், அண்ணியார் மரி அந்துவானெத்துடன் பந்தயம் பிடித்து, 1777இல் அறுபத்து நான்கு நாட்களில் கட்டி முடித்த சிறு மாளிகைதான் பகட்டெல். அங்கு நடந்த விருந்தொன்றில் அறிமுகமானதாகச் சொல்லப்படும் மேசை விளையாட்டுக்கும் அப்பெயரே நிலைத்தது. சரிவான பலகை, அதில் அடித்த ஆணிகள், ஆணிகளுக்கிடையே உருண்டு குழிகளில் விழும் பந்து. அவ்வளவுதான் விளையாட்டு. 1871இல் மொண்டேக் ரெட்கிரேவ் என்பவர் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இப்பலகையில் சுருள்வில் பொருத்திய உந்துகோலைச் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். ஆணிக்கு ஆங்கிலத்தில் 'பின்', பந்துக்கு 'போல்'. பின்போல் என்ற சொல்லுக்கு இதைவிட நீண்ட விளக்கம் தேவையில்லை.

இவ்விளையாட்டைத் தொழிலாக்கிய ஊர் சிக்காகோ. 1931இல் டேவிட் கொட்லீப் 'பஃபிள் போல்' என்ற சிறு இயந்திரத்தைப் பதினேழரை டொலருக்கு விற்றார். பொருளாதாரப் பெருமந்தம் மக்களை வாட்டிய காலம் அது. ஒரு சதம் போட்டால் சில நிமிடங்கள் கவலையை மறக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கக் கொட்லீப்பால் இயலவில்லை. அவருடைய சரக்கை விநியோகித்து வந்த ரேமண்ட் மலோனி, காத்திருந்து சலித்து, 1932இல் 'பலிஹூ' என்ற இயந்திரத்தைத் தானே செய்யத் தொடங்கினார். 'பலி' என்ற பெரும் கம்பனி பிறந்தது அப்படித்தான்.

அன்றைய இயந்திரங்களில் பந்தைத் திருப்பி அடிக்கும் துடுப்புகள் இல்லை. பந்தை விட்டபின் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே இது விளையாட்டன்று, சூதே என்று நகராட்சிகள் கூறின. நியூயோர்க் மேயர் லாகார்டியா 1942இல் தடை விதித்ததோடு, பறிமுதலான இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்துப் பத்திரிகைப் படத்துக்கும் நின்றார். (அரசியல்வாதிக்குப் படப்பிடிப்பாளரின் அருமை எந்த நாட்டிலும் தெரிந்தே இருக்கின்றது.) 1947இல் கொட்லீப் கம்பனியின் ஹரி மாப்ஸ், 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் ஆறு துடுப்புகளைப் பொருத்திய பின்னர் விளையாடுபவரின் கைக்கும் வேலை வந்தது. ஆயினும் நியூயோர்க்கின் தடை 1976 வரை நீடித்தது. அவ்வாண்டு ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகை எழுத்தாளர் நகரசபையார் முன்னிலையில் விளையாடி, பந்து எந்த வழியால் செல்லும் என்று முன்கூட்டிச் சொல்லி, சொன்னபடியே செலுத்திக் காட்டினார். தடை நீங்கியது. எமது தொழிலைச் சேர்ந்த ஒருவர் பேனாவை வைத்துவிட்டுக் கைவிரலால் வென்ற வழக்கு இது என்பதில் எனக்கொரு சிறு பெருமிதம் உண்டு.

வீடியோ விளையாட்டுகளும் வீட்டுக் கணினியும் வந்தபின் இத்தொழில் தேய்ந்தது. 1999 ஒக்டோபரில் வில்லியம்ஸ் கம்பனி தன் பின்போல் பிரிவை மூடியது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் உலகில் இவ்வியந்திரங்களைப் பெருமளவில் செய்தவர் கேரி ஸ்டேர்ன் ஒருவரே. ஒரு தொழிலின் மரண அறிவித்தலை எழுத வேண்டிய வேளை அது.

அந்த வேளையில்தான் பென்டன் என்ற கிராமம் இக்கதைக்குள் வருகின்றது. விஸ்கொன்சின் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள அவ்வூரில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே வாழ்கின்றனர். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களால் பிழைத்த ஊர். எமது மன்னார் கத்தோலிக்க வாசகர்களுக்கு இன்னொரு தகவலும் சொல்ல வேண்டும்: சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றி, அப்பகுதியில் பல தேவாலயங்களை எழுப்பிய இத்தாலியத் தொமினிக்கன் குரு சாமுவேல் மட்சுக்கெல்லி 1864இல் மறைந்து அடக்கம் செய்யப்பட்டதும் பென்டனில்தான்.

இவ்வூரில் 2013 அளவில் 'ஸ்பூக்கி பின்போல்' கம்பனியைத் தொடங்கியவர் சார்லி எமரி. அவரும் மனைவி கேய்ட்டும் அதற்கு முன்னர் செய்து வந்தது, பின்போல் பிரியர்களுக்காக இணையத்தில் ஒலிபரப்பு நடத்தியது. அதாவது, பொருளைச் செய்வதற்குப் பல வருடங்கள் முன்பே அதை வாங்கக்கூடியவர்களோடு அவர்கள் பேசிப் பழகியிருந்தார்கள். விளையாட்டுச் சாதனங்களைப் பிரித்து மீண்டும் கட்டுவதில் இணையத்தில் பெயர்பெற்ற பென் ஹெக்கென்டோர்ன் என்ற விஸ்கொன்சின்காரர் முதலாவது இயந்திரத்தை வடிவமைத்தார். பேய் வேட்டையைப் பொருளாகக் கொண்ட அதன் பெயர் 'அமெரிக்காவின் மோஸ்ட் ஹோண்டட்'. பேயும் பிசாசும் எனக்கு உவப்பானவையல்ல. அது வேறு விடயம். அதில் 150 இயந்திரங்கள் மட்டுமே செய்வதென்று முன்கூட்டியே அறிவித்தார்கள், அந்த எண்ணிக்கையைச் செய்தும் முடித்தார்கள்.

ஒரு பின்போல் இயந்திரம் என்பது சாதாரண வேலையன்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். நீட்டிப் பிடித்தால் அரை மைல் வரும் மின்கம்பிகள். மரவேலை, உலோக வேலை, மின்சுற்று, கணினி நிரல், ஓவியம், இசை எல்லாம் ஒரு பெட்டிக்குள். இவற்றில் எது பிழைத்தாலும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பெட்டி கடையில் சும்மா கிடக்கும். 2017இல் ஸ்பூக்கி வெளியிட்ட 'டோட்டல் நியூக்ளியர் அனைஹிலேஷன்' இயந்திரத்தை வடிவமைத்த ஸ்கொட் டனேசி, அதற்கான இசையையும் தானே அமைத்தார். 1980களின் இயந்திரங்களை நினைவூட்டும் எளிய களம் அது. அதில் 550 செய்யப்பட்டன. 2020இல் 'ரிக் அண்ட் மோர்ட்டி' என்ற கேலிச்சித்திரத் தொடரை வைத்து 750 அறிவித்தபோது சில மணி நேரத்துக்குள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன.

இங்கே முற்பணம் பற்றிச் சொல்லாமல் போனால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. ஸ்பூக்கி தோன்றிய அதே காலத்தில் வேறு சிறு கம்பனிகளும் தோன்றின. ஆசை பெரிது, மூலதனம் சிறிது. மிச்சிகனைச் சேர்ந்த ஸ்கிட்-பி, 'பிரிடேட்டர்' என்ற படத்தின் பெயரில் முன்பதிவுப் பணம் வாங்கியது. அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமமே அதனிடம் இருக்கவில்லை என்பது 2015இல் வெளியாயிற்று. வேல்ஸ் நாட்டில் இயங்கிய ஹைவே பின்போல், இயந்திரத்துக்குப் பணம் கட்டிய பலரைக் காத்திருக்க வைத்துவிட்டு 2018இல் வீழ்ந்தது. டெக்சஸ் மாநிலத்தின் டீப்ரூட் விவகாரம் 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழுவின் வழக்குவரை சென்றது. பணத்தை இழந்தவர்களில் பெரும் செல்வந்தர் மட்டுமல்லர். சேமிப்பை எடுத்துக் கொடுத்த சாதாரண பிரியர்களும் இருந்தனர். அத்தகைய சந்தையில் 'இத்தனை மட்டும் செய்வோம்' என்று சொல்லி அத்தனையையும் கையில் கொடுத்த கிராமத்துக் கம்பனிக்கு அடுத்த தடவை பணம் வந்ததில் வியப்பில்லை.

எமது ஊரான வெள்ளாங்குளம், மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ32 வீதியில், மன்னார் மாவட்டத்தின் வட எல்லையில் இருக்கின்றது. 2008 ஓகஸ்ட் மாதத்தில் போர் எம்மைக் கடந்து போனது; ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தவர்களில் ஒரு தச்சர் இருக்கின்றார். கதவு நிலை, யன்னல், கட்டில் ஆகியவற்றோடு கரம் பலகையும் செய்வார். பென்டன் கதையை நான் அவருக்குச் சொன்னபோது, சார்லி எமரி எத்தனை செய்தார் என்பதைவிட, பலகையை எங்கே வாங்கினார் என்பதையே அவர் அறிய விரும்பினார். "ஐயா, ஈரம் காயாத பலகையிலை செய்தா ஆறு மாதத்திலை வளைஞ்சிடும். பிறகு ஆரும் எங்களிட்டை வரமாட்டினம்" என்றார். எழுபத்து நான்கு சென்ரிமீற்றர் சதுரக் களத்தில் ஒரு மூலை சற்றே தாழ்ந்தாலும் காய் தன்பாட்டில் அந்தப் பக்கம் நழுவும். பின்போலுக்குச் சரிவு வேண்டும், ஆறரைப் பாகை அளவில். கரத்துக்குச் சரிவே கூடாது. இரண்டுக்கும் வளையாத பலகை வேண்டும்.

அவரிடம் தொழில் கற்ற இளைஞர் இருவர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதம் நான்கு பலகை விற்கும் ஊரில் இரண்டு குடும்பங்கள் எப்படிச் சீவிப்பது? பென்டனிலும் இளையவர் வேறு நகரங்களுக்குப் போவதே வழமை. அவ்விடத்தில் நிலைமையை மாற்றியது தொழில்நுட்பம் என்று சொல்வாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எமரி குடும்பத்துக்கு வாங்குபவர் யார் என்று பெயரளவில் தெரிந்திருந்தது. அந்த வாங்குபவரோ அமெரிக்கா முழுவதும், அதற்கு வெளியிலும் இருந்தார்கள். எமது தச்சருக்கு வாங்குபவர் வெள்ளாங்குளத்திலும் முழங்காவிலிலும் மட்டுமே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கரம் ஆடும் தமிழர், அங்குள்ள கடையில் கிடைக்கும் பலகையை வாங்குகின்றனர். இதை வாசிப்பவரில் அவர்களும் இருப்பார்கள் என்பதால் எழுதுகின்றேன்.

ஸ்பூக்கியும் சிறிதாகவே இருந்துவிடவில்லை. 2021இல் 'ஹலோவீன்' இயந்திரம் 1250 அறிவிக்கப்பட்டது. 2023இல் 'ஸ்கூபி-டூ' 1969 செய்யப்பட்டது. அத்தொடர் தொலைக்காட்சியில் தொடங்கிய வருடமே அந்த எண். நூற்றைம்பதை நேரத்துக்குக் கொடுப்பது ஒன்று, ஆயிரத்துக்கு மேல் கொடுப்பது இன்னொன்று. வாங்கியவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. சார்லியும் கேய்ட்டும் ஒதுங்கி, பொறுப்பு மகன் கோர்வின் முதலான அடுத்த தலைமுறையினரிடம் சென்றது. பெற்றோரின் இணைய ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். தொழிற்சாலை இன்னும் பென்டனில்தான் இருக்கின்றது.

எமது தச்சர் இந்த நத்தாருக்கு ஆறு பலகைகளுக்கு ஒத்துக்கொண்டிருக்கின்றார். ஏழாவதைக் கேட்டு வந்தவரைத் தைப்பொங்கலுக்குப் பின் வரச்சொல்லி, முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.