கடல் அரித்த கரையும் கல்லூரி ஆய்வுக்கூடமும்

பொறியியல் துறையோடு அரசோ தொழில் நிறுவனமோ சேர்ந்தால் யாருக்கு லாபம் என்ற கேள்விக்கு வடசென்னைக் கடற்கரையே விடை சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 புயல் சிதைத்தும் மறுபடி கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணலை அவை மறித்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. பல்லாண்டுகளாகக் கொட்டிய பாறைகளும் முழுத் தீர்வாகவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐஐடி மெட்ராஸ் கடல்சார் பொறியியல் துறையினரின் வடிவமைப்பில் தூண்டில் வளைவுகள் வந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்குவியல். இரண்டு வளைவுகளுக்கு நடுவே மணல் சேரும், அங்கே படகை ஏற்றி நிறுத்தலாம். அரசுக்கு வடிவமைப்பு கிடைத்தது. துறைக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது: ஆய்வுக்கூடத்தின் அலைத்தொட்டியில் ஒருநாளும் காண முடியாத, பல பருவங்களின் மணல் கணக்கு.

பணம் கொடுப்பவருக்கே ஆய்வு சாதகமாகும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. தூண்டில் வளைவு அரிப்பை இன்னும் வடக்கே தள்ளும் என்ற மீனவர் முறையீட்டிலும் உண்மை இருக்கிறது. அதற்காக ஆய்வாளர்கள் ஒதுங்கினால், அளவெடுக்க ஆளின்றிக் கல் கொட்டும் பழைய வழக்கமே திரும்பும். துறைமுகங்களும் ஆலைகளும் செலவு செய்யட்டும். அளவீடுகள் தமிழில், வடக்கே உள்ள எண்ணூர் மீனவர் கைக்கும் வந்து சேர வேண்டும். ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வையுங்கள்.