பாசுரத்தோடு சேர்ந்தவை

ஏட்டில் இருக்கும்வரை ஆழ்வார்களின் பாசுரம் வெறும் எழுத்து. ஆசாரியர் நாதமுனிகள் அதற்குப் பண்ணும் தாளமும் சேர்த்து, மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார் என்கிறது வைணவ மரபு.

மார்கழிப் பகல்பத்து விழாவில் ஸ்ரீரங்கத்து அர்ஜுன மண்டபத்துக்குப் போனால் அந்தச் சேர்க்கையைக் கண்ணால் பார்க்கலாம். தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். பாசுரத்தைப் பாடி நடிக்கும் அரையர் முதலில் பாடுவார். அதற்கே அபிநயம் பிடிப்பார். பிறகு ‘தம்பிரான்படி’ என்னும் உரையைச் சொல்வார். புரியாத சொல்லும் கைவிரலில் புரிந்துவிடும்!

முத்துக்குறி என்னும் பகுதி இன்னும் சுவையானது. தலைவியும் தாயும் குறிசொல்லும் கட்டுவிச்சியும் ஒரே அரையர்தான். முத்துகளைப் பரப்பிக் குறி பார்ப்பவரும் அவரே.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆழ்வார்திருநகரியிலும் கர்நாடகத்து மேல்கோட்டையிலும் இந்த அரையர் சேவை உண்டு. நாலாயிரத் திவ்யப் பிரபந்தம் ஓதும் எல்லாக் கோயிலுக்கும் அது வாய்க்கவில்லை.